கடைசி அரை மீட்டர்

1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா காட்டில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் ஓர் ஆண் மூஸ் மானைச் சுட்டார். லாரித் தொழில் செய்தவர், துப்பாக்கியில் தீராத ஆர்வம் கொண்டவர். கையில் இருந்தது .300 எச் அண்ட் எச் மேக்னம். அன்றைய வேட்டைக்காரர்கள் பெருமையோடு பேசிய அதிவேகத் தோட்டா அது. மானின் உடம்பெல்லாம் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. சுட்டார், விழவில்லை. மறுபடியும் சுட்டார், அப்போதும் விழவில்லை. குறி தப்பவில்லை, குண்டுகள் பட வேண்டிய இடத்தில்தான் பட்டன. ஆனால் பட்ட வேகத்தில் அவை தோலருகிலேயே நொறுங்கிப்போயின. நுரையீரல் வரை போய்ச் சேர எதுவும் மிஞ்சவில்லை.

நோஸ்லர் வீடு திரும்பி ஒரு புதுக் குண்டைச் செய்தார். செம்பு உறைக்கு நடுவே, உறையோடு ஒன்றாக ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கு முன்னால் இருக்கும் ஈயம் பட்டதும் மலரும், பின்னால் இருக்கும் ஈயம் கட்டுக்குலையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு அவரும் நண்பரும் அந்தக் குண்டோடு காட்டுக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு மூஸ், ஆளுக்கு ஒரே குண்டு. 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. ‘பார்ட்டிஷன்’ என்ற அதே பெயரில் இன்றும் கடையில் கிடைக்கிறது.

தொலைவிலிருந்து மூஸ் வேட்டையாட எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் குழலின் வாயிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு ஆற்றல், எத்தனை மீட்டர் எட்டும்? நோஸ்லரின் மூஸ் காட்டிக் கொடுத்தது வேறொன்றை. குண்டு பல நூறு மீட்டர் பறந்தாலும் அதன் வேலை மானின் உடலுக்குள் நடக்கும் கடைசி அரை மீட்டரில்தான் இருக்கிறது. கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போடவேண்டும். இந்த அத்தியாயம் அப்படித்தான் போகிறது.

முதலில் அந்த விலங்கு. மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது மூஸ். ஐரோப்பாவில் இதை எல்க் என்பார்கள். அமெரிக்காவில் எல்க் என்றால் வேறொரு மான், குழம்பிவிடக் கூடாது. அலாஸ்காவின் ஆண் மூஸ் 600 கிலோவைத் தாண்டும், தோள் உயரம் 2 மீட்டரைத் தொடும். நம் மலைகளின் கடமானைப் பார்த்தவர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, கனடா, அலாஸ்கா ஆகிய இடங்களில் சட்டப்படி, உரிமத்தோடு, பருவம் பார்த்து இதை வேட்டையாடுகிறார்கள். அங்கே பல குடும்பங்களுக்குக் குளிர்காலம் முழுவதற்குமான இறைச்சி அது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது, அது சரியான சட்டம். ஆனாலும் காற்றும் ஈர்ப்பும் உலோகமும் தசையும் சந்திக்கும் இந்த இயற்பியல் எல்லா ஊருக்கும் பொதுவானது.

குண்டு எப்படிக் கொல்கிறது? ‘அடித்துச் சாய்க்கும் சக்தி’ என்று வேட்டைக்காரர்கள் சொல்வதுண்டு. அப்படி ஒன்று கிடையாது. கணக்கைப் பாருங்கள். .30-06 தோட்டாவின் 11.7 கிராம் குண்டு நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அந்த உந்தம் முழுவதும் 450 கிலோ மூஸுக்குப் போய்ச் சேர்ந்தாலும் அந்த உடல் நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகரும். எறும்பு ஊரும் வேகம். மானைச் சாய்ப்பது மோதல் அல்ல, இரத்த இழப்பு. குண்டு நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் கிழித்தால் இரத்த அழுத்தம் சரிகிறது, மூளைக்குப் போகும் ஆக்சிஜன் நிற்கிறது, சில நொடிகளில் நினைவு போகிறது. அந்த நொடிகளுக்குள் மூஸ் ஐம்பது நூறு மீட்டர் ஓடிவிடலாம். எதுவுமே நடக்காததுபோல் அசையாமல் நிற்கவும் செய்யும்.

அப்படியானால் குண்டு செய்ய வேண்டியவை இரண்டு. போதிய ஆழம் போகவேண்டும், போகும் வழியில் மலர்ந்து அகலமான துளை போடவேண்டும். 7.62 மில்லிமீட்டர் குண்டு காளான்போல் விரிந்து 15 மில்லிமீட்டர் ஆவது நல்ல மலர்ச்சி. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அதிகம் மலர்ந்தால் ஆழம் குறையும், மலராமல் போனால் ஊசி குத்தியதுபோல் மறுபுறம் வந்துவிடும். மலர்வதை முடிவு செய்வது மோதும் வேகம். ஈயக்கருக் குண்டுகளில் பலவற்றுக்கு நொடிக்கு சுமார் 550 மீட்டர் வேண்டும். முழுச் செம்புக் குண்டுகளில் பலவற்றுக்கு 600 வரை. அதற்குக் கீழே அவை நம்பும்படி விரிவதில்லை. நோஸ்லரின் முதல் மூஸ் கண்டது மிதமிஞ்சிய வேகத்தின் கெடுதல். தொலைதூர வேட்டையின் ஆபத்து அதற்கு நேர் எதிர்: குண்டு போய்ச் சேரும்போது வேகம் போதாமல் இருப்பது.

ஸ்வீடனின் சட்டம் இதை அழகாகக் கையாள்கிறது. குண்டு 9 கிராமாவது இருந்தால் 100 மீட்டரில் அதற்கு 2700 ஜூல் ஆற்றல் வேண்டும். 10 கிராம் இருந்தால் 2000 ஜூல் போதும். எடை கூடினால் ஆற்றலில் சலுகை ஏன்? அங்கே 1894-லிருந்து புழங்கும் 6.5×55 என்ற தோட்டா ஒன்று உண்டு. அதன் 10.1 கிராம் குண்டு நீளமானது, மெல்லியது, வேகம் குறைவு. ஜூல் கணக்கை மட்டும் பார்த்தால் தோற்கும். ஆனால் அந்த நீண்ட உடல் தசைக்குள் நேராக, ஆழமாகப் போகும். தலைமுறை தலைமுறையாக மூஸ்களை வீழ்த்தி நிரூபித்தது. அனுபவம் கண்டதைச் சட்டம் எண்ணாக எழுதிவைத்திருக்கிறது. மேக்னம் விளம்பரங்களைவிட இந்த ஒரு விதி அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது என் எண்ணம்.

இனி காற்றுக்கு வருவோம். துப்பாக்கிக் குண்டைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் ஆங்கிலேயர் பெஞ்சமின் ராபின்ஸ். கனமான மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு அதில் சுட்டார். ஊசல் ஆடிய அளவிலிருந்து குண்டின் வேகம் தெரிந்தது. தள்ளி நின்று சுட்டால் ஆட்டம் குறைந்தது. குறைந்த பங்கு காற்று தின்றது. 1742-இல் அவர் இதை நூலாக வெளியிட்டார், மூன்றே ஆண்டில் ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதை அதை ஜெர்மனில் பெயர்த்து விளக்கமும் எழுதினார். அதுவரை, கலிலியோ சொன்ன பரவளையமே குண்டின் பாதை, காற்று ஒரு பொருட்டல்ல என்று பலர் நம்பியிருந்தார்கள். பிறகு ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்கும் பொறியாளராக நம் கரைக்கு வந்தார். 1751 ஜூலையில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார். குண்டின் பாதையை ஆராயும் அறிவியலின் முன்னோடி கண்மூடியது கெடிலத்துக் கரையில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் கண்டது எவ்வளவு பெரியது என்பதற்கு இன்றைய கணக்கு ஒன்று. காற்றே இல்லாவிட்டால் அந்த .30-06 குண்டு 45 பாகைச் சாய்வில் 68 கிலோமீட்டர் போகும். உண்மையில் அதன் உச்ச வீச்சு சுமார் 5 கிலோமீட்டர். குழலை விட்டு வந்தவுடன் அதன்மேல் காற்று கொடுக்கும் தடை குண்டின் சொந்த எடையைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. எனவே குண்டின் வடிவம் முக்கியம். மழுங்கிய மூக்குக் குண்டின் பெட்டியில் ‘பாலிஸ்டிக் குணகம்’ 0.25-ஐ ஒட்டி அச்சிட்டிருக்கும். அதே எடையில் கூர்மூக்குக் குண்டுக்கு அது 0.5-ஐ நெருங்கும். எண் பெரிதானால் காற்று தின்பது குறைவு.

குண்டு விழுவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 200 மீட்டருக்குக் குறி சரிசெய்த .30-06, 250 மீட்டரில் 10 சென்டிமீட்டர் தாழும், 300-இல் சுமார் 25, 400-இல் முக்கால் மீட்டர், 500-இல் ஒன்றரை மீட்டர். ஈர்ப்பு எந்த நாளும் மாறாது. லேசர் தூரமானி தூரத்தைச் சொல்லும், அட்டவணை தாழ்வைச் சொல்லும், ஸ்கோப்பின் திருகு மீதியைச் செய்யும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதுதான் ஆபத்து. 500 மீட்டரை 450 என்று நினைத்துத் திருகினால் குண்டு 30 சென்டிமீட்டருக்கு மேல் கீழே போகும். மூஸின் நெஞ்சுப் பகுதியின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

பக்கக் காற்று அப்படிக் கணக்குக்குள் அடங்காது. 500 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு முக்கால் நொடி ஆகிறது. நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் காற்று குறுக்கே வீசுகிறது, அதாவது இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசையும் காற்று. முக்கால் நொடியில் அந்தக் காற்று மூன்று மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். குண்டும் அதோடு மூன்று மீட்டர் ஒதுங்குமா? இல்லை, சுமார் 60 சென்டிமீட்டர்தான் ஒதுங்குகிறது. காரணம் வியப்பானது. காற்றே இல்லாத வெளியில் இதே குண்டு இதே தூரத்தை 0.61 நொடியில் கடந்திருக்கும். காற்று அதை 0.14 நொடி தாமதப்படுத்தியது. அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் ஒதுக்கம். குண்டு பறந்த மொத்த நேரம் கணக்கில் வருவதே இல்லை, இழந்த நேரம் மட்டும்தான் வருகிறது.

இது தெரிந்தவர் தோட்டா வாங்கும்போது புறப்படும் வேகத்துக்குக் கொடுக்கும் மதிப்பைக் குண்டின் வடிவத்துக்கும் கொடுப்பார். மழுங்கிய குண்டை வேகமாக அனுப்பினால் அது வழியிலேயே நேரத்தை இழந்துவிடும். மெலிந்து நீண்ட குண்டு நிதானமாகப் புறப்பட்டாலும் குறைவாகவே இழக்கும். 6.5 மில்லிமீட்டர் தோட்டாக்கள் இன்று மறுபடி பேசப்படுவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் எந்த வடிவமும் காற்றின் கணிப்பை நமக்காகச் செய்து தராது. 100 மீட்டரில் இதே காற்று 2 சென்டிமீட்டர்தான் தள்ளும், 300-இல் 20 சென்டிமீட்டர். காற்றின் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு தவறாக மதிப்பிட்டால் 300 மீட்டரில் 7 சென்டிமீட்டர் பிழை வரும், மன்னிக்கலாம். 500-இல் 20 சென்டிமீட்டர். நெஞ்சின் நடுவைக் குறிவைத்தவரின் குண்டு விளிம்புக்குப் போய்விடும். ஏரிக்கு மேல் ஒரு காற்று, மரங்களுக்கு நடுவே இன்னொன்று, பள்ளத்தாக்கில் எதிர்த்திசையில் மற்றொன்று. சுடுபவர் பக்கத்தில் வீசும் காற்றுக்குச் செல்வாக்கு அதிகம், ஏனென்றால் தொடக்கத்திலேயே திசை திரும்பிய குண்டுக்கு விலகிப்போக நீண்ட வழி மிச்சமிருக்கிறது. குளிரும் சேர்ந்துகொள்ளும். மைனஸ் 20 பாகைக் காற்று, பிளஸ் 20 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 16 சதவீதம் அடர்த்தி. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தும் குளிரில் சற்று மந்தமாகவே எரியும். செப்டம்பரில் குறி சரிபார்த்த துப்பாக்கியை நவம்பரில் அப்படியே நம்பக்கூடாது.

காற்றைக்கூட அனுபவத்தால் ஓரளவு படித்துவிடலாம். படிக்க முடியாதது மூஸின் மனம். விசையை அழுத்தியபின் குண்டு போய்ச் சேரும் அந்த முக்கால் நொடியில், நின்றுகொண்டிருந்த மூஸ் ஓர் அடி எடுத்து வைத்தால் உடல் ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னே போய்விடும். நுரையீரலைத் தேடிப்போன குண்டு குடலைத் துளைக்கும். அந்த மான் உடனே சாகாது. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், வேதனையோடு சதுப்புக்குள் போய்க் கிடக்கும். இதைத் தவிர்க்கும் தோட்டாவை யாரும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. குண்டை இரண்டு மடங்கு வேகமாக்கினாலும் ஓர் அடிக்குப் பதில் அரை அடி, அவ்வளவுதான்.

இப்போது கடைக்குப் போகலாம். .30-06-இல் கூர்மூக்கு 11.7 கிராம் பார்ட்டிஷன் வகைக் குண்டு சுமார் 450 மீட்டர் வரை அந்த 550 மீட்டர் வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். .300 வின்செஸ்டர் மேக்னம் அதே குண்டை நொடிக்கு 900 மீட்டரில் அனுப்பி, மலரும் எல்லையை இன்னும் நூறு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளிவைக்கும். .338 வின்செஸ்டர் மேக்னம் கனத்த குண்டோடு ஆழத்தைக் கூட்டும். இதற்கெல்லாம் விலை தோளில் விழும் உதை. 3.8 கிலோ துப்பாக்கியில் .30-06-இன் உதை ஏறத்தாழ 27 ஜூல், .300 மேக்னம் 36, .338 மேக்னம் 45. காகிதத்தில் இவை சின்ன எண்கள். தோளுக்கு அப்படியில்லை. வலிக்குப் பயந்த உடல் விசையை இழுக்கும் கணத்தில் தன்னை அறியாமல் சுளித்துக்கொள்ளும். அந்தச் சுளிப்பு 300 மீட்டரில் நெஞ்சையே தவறவிடச் செய்யும். உதைக்குப் பயந்தவர் பயிற்சிக்கும் போகமாட்டார். நூறு குண்டு சுட்டுப் பழகிய .30-06, அலமாரியில் தூங்கும் .338-ஐவிட நீண்ட தூரத் துப்பாக்கி. 6.5×55, .308, .30-06, 9.3×62, .300 மேக்னம் எல்லாமே மூஸுக்குப் போதுமானவை. இவற்றில் எதை வலியில்லாமல் நாள் முழுவதும் சுட முடியுமோ அதை வாங்குங்கள்.

குண்டின் உலோகத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஈயக் குண்டு உடலுக்குள் போகும்போது துகள்களை உதிர்க்கிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் ஈயக் குண்டால் வேட்டையாடிய 30 மான்களை எக்ஸ்-ரே எடுத்தார்கள். முப்பதிலும் உலோகத் துகள்கள் இருந்தன. 24 மான்களின் கொத்துக்கறிப் பொட்டலங்களிலும் துகள்கள் வந்திருந்தன. அந்தக் கறியைத் தின்ற பன்றிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. குழந்தைகளின் மூளைக்கு ஈயம் எந்த அளவிலும் நல்லதல்ல. கலிபோர்னியா 2019-இல் வேட்டைக்கு ஈயத்தை முழுவதுமாகத் தடை செய்தது, டென்மார்க் 2024-இல் ரைபிள் குண்டுகளிலும் தடுத்தது. முழுச் செம்புக் குண்டு ஈயக் குண்டைப்போல் நொறுங்குவதில்லை, ஆழமாகப் போகும், எடையை இழப்பது மிகக் குறைவு. ஆனால் மலர அதற்கு வேகம் கூடுதலாக வேண்டும், ஆகவே எட்டும் தூரம் சுருங்கும். சுருங்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பரிமாறப்போகும் உணவு அது.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சதுப்பிலும் மலையிலும் தூக்கி நடக்கக்கூடிய எடை, ஆடாத ஸ்கோப் பிடிப்பு, குளிரில் உறையாதபடி எண்ணெய் துடைத்த போல்ட், நீளக் குண்டைச் சுழற்றி நிலைப்படுத்தும் அளவுக்குக் குழலின் உள்வரிகளில் நெருக்கமான முறுக்கு. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கிய குழலில் அந்தக் குண்டு நொடிக்கு 3200 முறை சுழன்றுகொண்டு வெளியே வருகிறது, அதுதான் அதை மூக்கு முன்னாகப் பறக்கவைக்கிறது. நல்ல தொழிற்சாலைத் துப்பாக்கி 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் சுடும். ஆனால் அது மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடும்போது. மூச்சு வாங்க மலையேறி, முழங்காலிட்டு, கை நடுங்கச் சுடும்போது அந்த வட்டம் 12 சென்டிமீட்டர் ஆவது சாதாரணம். 300 மீட்டரில் அது 36 சென்டிமீட்டர், நெஞ்சை நிரப்பிவிடும். 400-இல் அதைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 16 பவுண்டுக்கு மேல், அதாவது 7 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையுள்ள துப்பாக்கிகளைப் பெருவிலங்கு வேட்டைக்குத் தடுத்திருக்கிறது. வேட்டைத் துப்பாக்கி தூக்கி நடப்பதற்கானது என்பதே அந்த விதியின் உட்பொருள்.

மூஸ் வேட்டையில் ஊறிய நாடுகள் தங்கள் வேட்டைக்காரர்களை எந்தத் தூரத்தில் சோதிக்கின்றன? நார்வே ஒவ்வோர் ஆண்டும் 100 மீட்டரில் ஐந்து குண்டுகளை 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் வைக்கச் சொல்கிறது. ஸ்வீடன் ஓடும் மூஸ் உருவத்தை 80 மீட்டரில் சுடச் சொல்கிறது, பின்லாந்தில் சோதனைத் தூரம் 75 மீட்டர். ஸ்வீடனில் அடிபட்ட மானைத் தேடப் பழக்கிய நாய் இரண்டு மணி நேரத்துக்குள் இடத்துக்கு வந்துசேர ஏற்பாடு இருக்கவேண்டும் என்பதும் விதி. அலாஸ்காவில் சுட்ட மூஸின் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது குற்றம். 200 கிலோவுக்கு மேல் வரும் அந்தச் சுமையை முதுகிலோ படகிலோ சுமந்தே ஆகவேண்டும். அதனால்தான் தண்ணீருக்குள் நிற்கும் மூஸைச் சுடாதே என்று அங்கே பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள்.

என் தீர்ப்பு இது. நிற்கும் மூஸ், தாங்குகட்டை, தூரமானி அளந்த தூரம், காற்று அடங்கிய நேரம் ஆகிய நான்கும் அமைந்தால், நன்றாகப் பழகியவருக்கு 300 மீட்டர். ஒன்று குறைந்தாலும் 200. அதற்கு அப்பால் நிற்கும் மூஸை நெருங்கி நடக்கவேண்டும், அல்லது அதை நம் பக்கம் நடக்கவைக்கவேண்டும். இரண்டாவது முடியாத காரியமல்ல. வட அமெரிக்காவின் மிக்மாக், கிரீ மக்கள் பிர்ச் மரப்பட்டையைச் சுருட்டிக் கொம்புபோல் செய்து, இணைசேரும் செப்டம்பர், அக்டோபர் நாட்களில் பெண் மூஸின் முனகலை அதில் எழுப்புவார்கள். காட்டின் மறுகோடியிலிருந்து ஆண் மூஸ் அந்த ஒலியைத் தேடிக்கொண்டு ஐம்பது மீட்டருக்குள் வந்து நிற்கும்.